சிவப்பு நூல் கட்டிய கேன்

புதன்கிழமை ஓடிய மோட்டார் சைக்கிள் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை.

அது வாப்பாவுடையது. மாவடிப்பள்ளி வயலுக்கு அதில்தான் போய்வருவார். அவர் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு பின்வளவில் படங்கு மூடிக் கிடந்தது. என் அக்கா ஸம்றா ராத்தாவின் மாப்பிள்ளை சுபியான் மச்சான் ஒரு கிழமையாக அதோடு மல்லுக்கட்டி, டயருக்குக் காற்றடித்து, ஒயில் மாற்றி, வேறு பெற்றரி பூட்டி, புதன்கிழமை பின்னேரம் அசருக்குப் பிறகு கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்வந்தார். அன்றைக்கு ஸம்றா ராத்தா சிரித்த மாதிரி அவவின் கலியாணத்தன்றும் சிரிக்கவில்லை.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமையிலிருந்து மச்சானுக்கு ஒலுவில் துறைமுகத்தில் வேலை. கரையில் மீன் நிறுத்து வாங்கும் ஒரு வாடியில் நிறுவை பார்க்க வேண்டும். வள்ளங்கள் விடியுமுன் கரைக்கு வந்துவிடும். அந்த நேரத்துக்குக் கல்முனையிலிருந்து பஸ் கிடையாது. வாடி முதலாளி இரண்டில் ஒன்றைக் கேட்டிருந்தார். கையில் வாகனம் இருந்தால் வீட்டிலிருந்து வரலாம். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை பொழுதுபட்டு மஃரிபு ஆகுமுன் உடுப்புப் பையோடு வந்து வாடியிலேயே தங்க வேண்டும். தங்குகிறவனை மாதத்தில் ஒரு தரம்தான் வீட்டுக்கு விடுவார். முதல் நாளே பிந்தினால் வேலைக்கு வேறு ஆள் காத்திருக்கிறது.

ராத்தாவுக்கு அப்போது ஏழு மாதம். முந்தின பிள்ளை தங்காமல் போனபோது மச்சான் கட்டாரில் இருந்தார். ஃபோனில் அவருடைய முகத்தைப் பார்த்தபடிதான் ராத்தா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தா. அழுகிற சத்தம் அறையில் மற்றவர்களுக்குக் கேட்கும் என்று மச்சான் கட்டாரில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாராம். இந்தப் பிள்ளைக்காவது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ராத்தாவுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ஆகவே அந்தப் பகல் முழுவதும் எங்கள் வீட்டில் இரண்டு சாமான்களைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முற்றத்தில் சைக்கிள். வாசலுக்குப் பக்கத்தில் மச்சானின் உடுப்புப் பை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உம்மா மருமகனோடு கதைக்க மாட்டார். கோபத்தால் அல்ல, மரியாதையால். மாமி மருமகனின் முன்னால் வரக்கூடாது, நேராகப் பேசக்கூடாது என்பது பழைய வழக்கம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அது விட்டுப்போய்விட்டது. உம்மா விடவில்லை. மச்சான் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து உம்மா குசினி வாசலில் தொங்கும் திரைக்குப் பின்னால்தான். சொல்ல வேண்டியதை ராத்தாவிடமோ என்னிடமோ சொல்வார். மச்சானுக்கு அது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நாங்கள் திருப்பிச் சொல்லும் வரை பொறுத்திருந்து, பதிலையும் எங்களிடமே கொடுப்பார்.

"நதீரா, அவருக்குச் சோறு போடவா எண்டு கேளு கா."

"மச்சான், சோறு போடவாம்."

"கொஞ்சம் பொறுத்துத் தின்னுறன் எண்டு சொல்லுங்க."

"உம்மா, கொஞ்சம் பொறுத்துத்..."

"கேட்டிச்சு, கேட்டிச்சு."

இப்படித்தான் எங்கள் வீடு ஓடியது. எனக்கு இது கஷ்டமான உத்தியோகம். வெளி ஆம்பிளைகள் நின்றால் என் வாய் பூட்டிக்கொள்ளும். வகுப்பில் எழும்பி நின்று பதில் சொல்லப் பயந்தே ஒன்பதாம் ஆண்டோடு நின்றவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மச்சான் குளிக்கப் போகும்போது, "பெற்றோல் குறைவா இரிக்கி, ஜும்மா முடிஞ்சு வந்து செட்டுக்குப் போய் அடிச்சிட்டு வரணும்" என்று ராத்தாவிடம் சொன்னார். திரைக்குப் பின்னால் உம்மாவுக்கு அது கேட்டது. மருமகன் பெற்றோலுக்கு அலையக்கூடாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. மச்சான் ஜும்மாவுக்குப் பள்ளிக்குப் போன நேரம், உம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சைக்கிளின் பெற்றோல் தாங்கியைத் திறந்து ஊற்றிவிட்டார். பெற்றோல் மணம் பட்டால் அவருக்குத் தலையிடி வரும். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாப்பா அலுமாரிக்குப் பின்னால் ஒரு கேன் பெற்றோல் ஒளித்து வைத்திருந்தார்.

மச்சான் வந்ததும் ராத்தா சொன்னா: "உம்மா பெற்றோல் ஊத்தியிரிக்காவாம். நீங்க செட்டுக்குப் போகத் தேவல்லயாம்."

மச்சான் திரையைப் பார்த்தார். அவருடைய முகம் இளகிவிட்டது. "ஜஸாக்கல்லாஹ் எண்டு சொல்லுங்க மாமிட்ட" என்றார்.

பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கிக் அடித்தார்.

முதல் உதைக்கு இரண்டு தரம் இருமியது. அடுத்த உதைகளுக்கு அதுவும் இல்லை. சோக்கை இழுத்து உதைத்தார். விட்டு உதைத்தார். சுவிட்சைப் பார்த்தார். பெற்றோல் குழாயை ரிசேர்வுக்குத் திருப்பினார். தாங்கி மூடியைத் திறந்து சைக்கிளை ஆட்டினார். உள்ளே களக் களக் என்று சத்தம். பெற்றோல் மணம் எனக்கே வந்தது.

"அவரிட்டக் கேளு கா, என்னத்துக்கு இப்பிடி உதைக்கிறாரு எண்டு" என்றது திரை.

"சும்மா, காலுக்கு எக்ஸசைஸ் எண்டு சொல்லுங்க" என்றார் மச்சான், மூச்சு வாங்கிக்கொண்டு.

பிளக்கைக் கழற்றினார். முனை நனைந்திருந்தது. துடைத்து, என்னிடம் தந்து அடுப்பில் சூடு காட்டி வரச் சொன்னார். திரும்பப் பூட்டுமுன் எஞ்சினோடு ஒட்டிப் பிடித்துக் கிக் அடித்துப் பார்த்தார். நீலமாய்ப் பொறி பறந்தது. "கரண்ட் வருது. பெற்றோலும் வருது. பிறகென்ன கேடு இதுக்கு?" என்று சைக்கிளிடமே கேட்டார். தெருவில் இறக்கித் தள்ளியும் பார்த்தார். போகும்போது நம்பிக்கையோடு போனார், வரும்போது உருட்டிக்கொண்டு வந்தார்.

அசருக்குப் பாங்கு சொன்ன பிறகு மச்சான் பக்கீர் காக்காவைக் கூட்டி வந்தார். பக்கீர் காக்கா சைக்கிள் திருத்துவதில் எங்கள் பக்கத்தில் பேர் பெற்ற பாஸ். தெருமுனையில் கராஜ் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமையில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஆவல் பொறுக்காமல் வருகிற ஆள்.

"கலந்தர் காக்காட சைக்கிளா? இதப் பத்தி எனக்கிட்ட கேளுங்க மருமகன். இது என்ட கையில வளந்த புள்ள" என்று வாப்பாவின் பேரைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் குந்தினார்.

"அந்தப் புள்ளதான் இண்டைக்குப் பேசுதில்ல காக்கா."

"பேசவைப்பம். நான் தொட்டு எழும்பாத சைக்கிள் கல்முனையில இல்ல."

காற்று வடிகட்டியைத் திறந்தார். உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. பக்கீர் காக்கா அதை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். "மூக்க அடைச்சா மனுசன் மூச்சு விடுவானா? இந்தா, இதுதான் இதுக்கு வந்த வருத்தம்!"

ராத்தா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றா. மச்சான் பிஸ்மி சொல்லி உதைத்தார். ஒன்றும் இல்லை. ராத்தா மறுபடி வாசற்படியில் குந்திவிட்டா.

"அப்ப புதன்கிழமை இந்தக் கூடு இருக்கல்லயா காக்கா?" என்று மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"இருந்திரிக்கும். அதால என்ன?" பக்கீர் காக்கா கூட்டை வீசிவிட்டுக் காபரேட்டருக்குக் கீழே உள்ள ஆணியைத் தளர்த்தினார். தெளிவாக ஒழுகிச் சீமெந்தில் விழுந்தது. விரலில் தொட்டு உரசிப் பார்த்தார்.

"மணந்து பாருங்க காக்கா. என்ட கையெல்லாம் பெற்றோல், எனக்கு விளங்குதில்ல" என்றார் மச்சான்.

பக்கீர் காக்கா விரலை மூக்கில் வைத்துச் சத்தமாய் இழுத்தார். "முதல்தரப் பெற்றோல்! சந்தேகமே இல்ல. இது பொறி குடுக்கிற கொயில் போயிற்று மருமகன்."

நான் நிலையோரம் நின்று அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா சைக்கிள் துடைக்கும்போது பெற்றோல் சிந்தும். பார்த்துக்கொண்டிருக்கவே அது காய்ந்து மறைந்துவிடும். இந்த ஈரம் போகவில்லை. எங்கள் சிவப்புக் கோழிப் பேடு வந்து கழுத்தைச் சரித்துப் பார்த்தது. பிறகு சொண்டை வைத்துக் குடித்தது. அண்ணாந்து விழுங்கிவிட்டு மறுபடி குடித்தது.

"ராத்தா, கோழி அதைக் குடிக்கிது" என்று அவவின் காதுக்குள் சொன்னேன்.

"அதுக்கு என்னதான் விளங்கும்? கலைச்சுவிடு" என்றா ராத்தா. அவ பார்த்துக்கொண்டிருந்தது பையை.

கொயில் வாங்கக் கடை இல்லை. வெள்ளிப் பின்னேரம். பக்கீர் காக்கா தன் கராஜில் பழையது ஒன்று கிடக்கிறது என்று போய் எடுத்து வந்து பூட்டினார். பொறி முந்தியும் நீலம், இப்போதும் நீலம். சைக்கிள் அப்படியே நின்றது. பக்கீர் காக்காவின் பேச்சும் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் சாவியைச் சாரனில் துடைத்து மச்சானிடம் கொடுத்தார்.

"எஞ்சினை இறக்கிப் பாக்கணும் மருமகன். ரெண்டு மூணு நாள் விடுங்க."

மச்சான் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து பையைத் தூக்கித் தோளில் போட்டார். மஃரிபுக்கு முன்னால் அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ் மெயின் றோட்டில் வரும். அதை விட்டால் வேலை போய்விடும்.

"ஒரு மாசந்தானே ஸம்றா. ஓடிடும்" என்றார்.

ராத்தா தலையாட்டினா. "சேட்டெல்லாம் அயன் பண்ணி வச்சிரிக்கன். மேல வெள்ளச் சேட்டு இரிக்கி" என்றா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைகள் இரண்டும் வயிற்றின் கீழே கோர்த்துக்கொண்டிருந்தன.

திரைக்குப் பின்னால் உம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். கண் சிவந்திருந்தது.

"பயணம் போறவரைச் சும்மா அனுப்பக்கூடா. ஸம்ஸம் தண்ணி ஒரு மிடறு குடிச்சிட்டுப் போகட்டும். ராத்தாட புள்ளப்பேத்துக்கெண்டு வச்சிரிந்தன். இப்ப திறக்குறன். கோப்பையைக் கொண்டு வா."

பெரியமாமி மக்காவுக்கு உம்றா செய்யப் போய் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த ஸம்ஸம் அது. வெள்ளை பிளாஸ்டிக் கேனில் வந்தது. பெரியமாமி வெறும் கேன் ஒன்றும் தந்தார். தட்டுப்பாடு வந்தபோது வாப்பா அந்த வெறும் கேனில்தான் பெற்றோல் ஊற்றி ஒளித்தார். இரண்டும் ஒரே அச்சு. மாறிவிடக்கூடாது என்று ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினார். எதற்குக் கட்டினார் என்று உம்மாவிடம் சொன்னாரோ என்னவோ. ஓதின சாமானுக்கு நூல் கட்டிவைப்பது உம்மாவின் கையில் பழகிய விஷயம். வாப்பா நூல் கட்டியதும் ஸம்ஸமுக்குத்தான் என்று உம்மா நம்பிவிட்டார். நூல் இல்லாத கேனைத்தான் காலையில் தாங்கியில் ஊற்றியிருக்கிறார்.

அலுமாரிக்குப் பின்னாலிருந்து நூல் கட்டிய கேனை இழுத்து, பிஸ்மி சொல்லி மூடியைத் திருகினார்.

அறை முழுக்கப் பெற்றோல் மணம்.

உம்மா மூடியைக் கையில் வைத்தபடி கேனைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அல்லாஹ்வே" என்று மெல்லச் சொன்னார். "நதீரா, அப்ப நான் அதுக்குள்ள ஊத்தினது?"

எனக்குக் கோழி ஞாபகம் வந்தது.

"ஓடு! ஓடிப்போய்ச் சொல்லு. அவர் போயிருவாரு!"

நான் ஓடினேன். மச்சான் வேலிக் கடப்பைத் தாண்டித் தெருவில் காலை வைத்துவிட்டார். பக்கத்தில் பக்கீர் காக்கா, அவருடைய சைக்கிள், வேடிக்கை பார்க்க நின்ற நாலைந்து ஆம்பிளைகள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாய் பூட்டிக்கொண்டது. பெரும்பாடுபட்டு ஒரு சொல்லைத் தள்ளினேன்.

"ஸம்ஸம்."

"மாமி ஸம்ஸம் தரவாமா?" என்றார் மச்சான். பை தோளிலிருந்து இறங்கியது. "கொண்டு வாங்க தங்கச்சி, குடிச்சிட்டுப் போறன்."

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். கையை முற்றத்தில் நின்ற எங்கள் சைக்கிளுக்கு நீட்டினேன். "தாங்கியில..."

"அதுவும் நல்லந்தான்" என்றார் பக்கீர் காக்கா. "ஓதித் தாங்கியில ஒரு துளி விடுங்க. மருந்தெல்லாம் முடிஞ்சிது, இனி பரக்கத்துதான் பாக்கி."

ஆம்பிளைகள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தெருவில் பஸ்ஸுக்குப் போகிற ஆட்கள் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். மச்சான் நேரத்தைப் பார்த்தார்.

அப்போது திரை விலகிய சத்தம் கேட்டது.

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினியிலிருந்து வெளியே வந்தார். வாசலைக் கடந்தார். முற்றத்துக்கு இறங்கினார். கையில் சிவப்பு நூல் கட்டிய கேன். மச்சான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். மாமி ஒரு நாளும் அவருக்கு இவ்வளவு கிட்ட வந்ததில்லை.

"மருமகன்" என்றார் உம்மா.

யாரும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் பிழை விட்டுட்டன் மருமகன். உங்கட தாங்கியில நான் ஊத்தினது பெற்றோல் இல்ல. ஸம்ஸம்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

மச்சான் குனிந்தபடியே, "எவ்வளவு மாமி?" என்று கேட்டார்.

"எல்லாம்."

பக்கீர் காக்காதான் முதலில் அசைந்தார். காபரேட்டரைத் திறந்து, ஒழுகியதை வெறும் தேத்தண்ணிக் கிளாசில் பிடித்து, மச்சானிடம் நீட்டினார். கை கழுவி வந்திருந்த மச்சான் மணந்து பார்த்தார். மறுபடி மணந்து பார்த்தார். "தண்ணி" என்றார். பிறகு பக்கீர் காக்காவைப் பார்த்தார். "காக்கா, முதல்தரப் பெற்றோல் எண்டு சொன்னீங்களே?"

பக்கீர் காக்கா கிளாசை வாங்கிக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற ஆட்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு மூக்கு வேல செய்யிறல்ல மருமகன். பொண்டாட்டி கறி கருக்கினாலும் தெரியா. பாஸ்காரனுக்கு மணம் தெரியாதெண்டா யாரு சைக்கிள் கொண்டு வருவான்?"

"அதுதான் பின்னேரம் முழுக்கக் கொயில் கொயில் எண்டீங்களா?"

"வேற என்னத்தச் சொல்ல? பொறி கண்ணுக்குத் தெரியுது, அதத்தான் சொன்னன்."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைக் கடப்படியில் வைத்தார்.

தாங்கியைக் கழற்றிக் கவிழ்க்கப் போனபோது உம்மா பதறினார். "ஸம்ஸமை நிலத்தில ஊத்தவேணாம் மருமகன். கால் படும்." வாளியில் பிடித்தார்கள். மேலே பழைய பெற்றோல் மஞ்சளாய் மிதந்தது. கீழே தண்ணீர் தெளிவாய் நின்றது. குடிக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. வாளியை என்ன செய்வது என்று ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். பள்ளி லெப்பையிடம் கேட்கும் வரை அது கிணற்றடிக் கட்டின் மேல் இருக்கட்டும் என்று முடிவானது. பக்கீர் காக்கா தன் சைக்கிள் குழாயைக் கழற்றி, அவருடைய பெற்றோலையே போத்தலில் பிடித்து எங்கள் தாங்கியில் ஊற்றினார். நூல் கட்டிய கேனில் இருந்தது மூன்று வருடத்துப் பெற்றோல். அதை மச்சான் மணந்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மணம் பார்க்கிற வேலை முழுவதும் அவருக்குத்தான்.

காபரேட்டரைத் துடைத்தார்கள். பிளக்கை மறுபடி நான் அடுப்பில் காட்டிக் கொடுத்தேன். மெயின் றோட்டுப் பக்கமிருந்து பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. மச்சானுக்கும் அது கேட்டது. ராத்தாவுக்கும் கேட்டது. ஹோர்ன் காரைதீவுப் பக்கமாகத் தேய்ந்து போனது. இனி சைக்கிளும் இல்லையென்றால் வேலையும் இல்லை.

மச்சான் உதைத்தார். இருமியது. உதைத்தார். வெள்ளையாய்ப் புகை கக்கியது.

"இன்னும் அடி! சளி கழண்டு வருது!" என்று பக்கீர் காக்கா கத்தினார்.

அடுத்த உதைக்கு அது பிடித்துக்கொண்டது. முதலில் திக்கித் திக்கி, பிறகு ஒரே சீராய். வாப்பா வயலுக்குப் போகும்போது கேட்கிற அதே சத்தம். கோழிகள் வேலியோரம் பறந்தன. உம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்.

ராத்தா கடப்படிக்குப் போய்ப் பையைத் தூக்கப் பார்த்தா. மச்சான் ஓடிப்போய் அதை வாங்கினார். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வாடி முதலாளிக்கு ஃபோன் எடுத்தார். வாகனம் இருக்கிறது, விடியுமுன் வீட்டிலிருந்தே வருகிறேன் என்று சொன்னார். நான் வெள்ளைச் சேட்டை எடுத்துக் கொடியில் மாட்டினேன். மற்றதுகளை ராத்தா ஒவ்வொன்றாக அலுமாரியில் அடுக்கினா. ஏற்கெனவே மடித்திருந்ததை மறுபடி மடித்து மடித்து வைத்தா.

மஃரிபு தொழுதுவிட்டு உம்மா திரைக்குப் பின்னால் இருந்து அழுதார். புள்ளைக்கென்று வைத்தது போய்விட்டதே என்று. மச்சானுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரைக்கு வெளியே வந்து நின்றார்.

"மாமிட்டச் சொல்லுங்க தங்கச்சி" என்று என்னைப் பார்த்துத் தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டார். திரையைப் பார்த்துச் சொன்னார். "புள்ளைட வாப்பா நான் ஊட்டுலதானே நிக்கிறன் மாமி. அது போதாதா?"

திரைக்குப் பின்னால் அழுகை நின்றது. கோப்பை ஒன்றைக் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் சுபஹுப் பாங்குக்கு முன்னால் நான் எழும்பியபோது மச்சான் முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராத்தா வாசல் நிலையில் சாய்ந்து நித்திரைக் கலக்கத்தோடு நின்றா. குசினியில் விளக்கெரிந்தது. திரை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முதல் உதைக்கே சைக்கிள் ஸ்டார்ட் ஆனது.

"போயிட்டு வாறன் ஸம்றா" என்றார். சைக்கிளைக் கடப்பு வரை உருட்டிப் போய் நிறுத்தினார். திரும்பிப் பார்த்து, சத்தத்துக்கு மேலால் உரத்துச் சொன்னார்.

"மாமி, போயிட்டு வாறன்!"

திருப்பிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"ஓம்" என்றது திரை. "பாத்துப் போங்க மருமகன்."